ஈடு வைத்த சொல்லை மீட்பதற்கு ஒரு பெயர்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தார் எல்லாருக்கும் மனப்பாடமான ஓர் உரைநடை இருக்கிறது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இன்ன திகதி, இன்ன கிழமை காலமானார். அன்னார், காலஞ்சென்றவர்களான இன்னார், இன்னார் தம்பதிகளின் அன்பு மகனும், இன்னாரின் ஆருயிர்க் கணவரும், இன்னார், இன்னார் ஆகியோரின் பாசமிகு தந்தையும் ஆவார். நெடுந்தீவுக்காரரின் மரண அறிவித்தலும் நயினாதீவுக்காரரின் மரண அறிவித்தலும் இப்படித்தான் தொடங்கும், இப்படித்தான் நடக்கும். ரொறன்ரோவில் காலமானாலும் பரிஸில் காலமானாலும் வசனம் மாறாது.

இந்த வசனத்தை யாரும் புதிதாக எழுதுவதில்லை. எழுதி வைத்த வசனத்தில் பெயர்களை மட்டும் இடுகிறார்கள். செய்நிரல் எழுதுவோர் பேச்சில் சொன்னால், அந்த வசனம் ஒரு வார்ப்புரு. 'இன்னார்', 'இன்ன ஊர்' என்பவை மாறிகள். பெயர் இட்டபின் கிடைப்பது ஒரு சரம். மாறியின் இடத்தில் பெறுமானத்தை வைப்பதற்கு இலங்கைப் பிள்ளைகள் அட்சரகணிதத்தில் படித்த பெயர் பிரதியிடல். பதிலீடு என்பாரும் உண்டு. பைதன் மொழி தெரிந்தவர்களுக்கு, 2016இல் அதன் 3.6ஆம் பதிப்போடு வந்த எஃப்-சரம் இதுவேதான்.

மறுதிசையில் வருவோம். வார்ப்புரு தெரியும், அச்சிட்ட அறிவித்தல் கையில் இருக்கிறது, அதற்குள் இட்ட பெயர்கள் வேண்டும். இந்த வேலைக்கு என்ன பெயர்?

நான் கேள்விப்பட்ட வரையில் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். பிரதியிடலைத் திருப்பிச் செய்வதுதானே, 'தலைகீழ்ப் பிரதியிடல்' என்று விட்டால் போயிற்று. இல்லையென்றால் ஆங்கிலத்தில் இருக்கிற பெயரை எடுத்துத் தமிழாக்கினால் முடிந்தது. இதில் கதைக்க என்ன இருக்கிறது என்கிறார்கள். பாடம் சொல்லிக்கொடுப்பவர்களும் இதைச் சொல்கிறார்கள், கலைச்சொல் ஆக்குபவர்களும் சொல்கிறார்கள். இது பிழை என்பது என் கட்சி. பெயர்ப் பொருத்தம் பற்றிய சின்னக் குறையாக இருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். அந்தப் பெயர் செயலைப் பற்றியே பொய் சொல்கிறது. அந்தப் பொய்யை நம்பி எழுதிய செய்நிரல், உயிரோடு இருக்கிற ஒரு மனுசியை இறந்தவர் கணக்கில் எழுதியதை நான் கண்டிருக்கிறேன்.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1990, 1991 ஆண்டுகளில் தீவகத்துச் சனங்களில் பெரும்பகுதி இடம்பெயர்ந்தது. வீடு போனதோடு உறுதி, பிறப்புப் பத்திரம், கொப்பிகளில் எழுதி வைத்திருந்த குடும்ப விபரம் எல்லாம் போயிற்று. பல குடும்பங்களுக்கு மூன்று தலைமுறைப் பெயர்கள் ஒரே இடத்தில் எழுத்தில் இருப்பது மரண அறிவித்தலில் மட்டும்தான். பேரன் பெயர், பாட்டன் பெயர், மருமகள் வந்த ஊர், சகலன் பெயர் எல்லாம் அந்த ஒரு பந்திக்குள் இருக்கின்றன. உறவினர்களிடம் இருந்த அறிவித்தல்களைச் சேர்த்து, என்னிடம் செய்நிரலாக்கம் படிக்க வந்த பிள்ளைகளைக் கொண்டு ஒரு வம்சாவளி அட்டவணை செய்ய இறங்கினோம். வார்ப்புரு ஒன்றே. ஆகவே திருப்பிச் செய்வது சுலபம் என்று நானும் அவர்களுக்குச் சொன்னேன். 'தலைகீழ்ப் பிரதியிடல்' என்ற சொல்லையும் நான்தான் கொடுத்தேன்.

முதல் நாளே ஊர்ப் பெயர்ப் பத்தி குழம்பிப் போனது. ஒரு வரியில் 'நெடுந்தீவை', இன்னொன்றில் 'நெடுந்தீவு', வேறொன்றில் 'நெடுந்தீவைப்' என்று, ஒரு தீவு மூன்று ஊராகக் கிடந்தது. 'கரம்பனைப் பிறப்பிடமாகவும்' என்ற வசனத்திலிருந்து செய்நிரல் 'கரம்பனை' என்று ஓர் ஊரை எடுத்தது, ஊர் கரம்பன். ப் என்ற ஒற்றையும் ஐ உருபையும் கழித்துவிடு என்று விதி எழுதினோம். அந்த விதி கரம்பனைச் சரிசெய்தது; 'நாரந்தனையை' என்பதை 'நாரந்தனைய்' என்று நிறுத்தியது. யகர உடம்படுமெய்யையும் கழி என்றோம். 'தீவை' என்பது 'தீவ்' என்று நின்றது. ஓடிப்போன உகரத்தைத் திருப்பி வைக்க இன்னொரு விதி வேண்டியிருந்தது. பெயரை இடும்போது இந்தக் கரைச்சல் ஒன்றும் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் இடுகிறவர் தமிழ் தெரிந்த மனிதர். அவர் கை தானாகவே நெடுந்தீவை 'நெடுந்தீவைப்' ஆக்கிவிடுகிறது. திருப்பி எடுக்கும்போது அந்தக் கை இல்லை.

ஆனாலும் அது எழுத்துப் பிழைதான், திருத்தலாம். திருத்த முடியாதது அடுத்தது. ஓர் அறிவித்தலில் 'காலஞ்சென்ற' என்ற சொல்லுக்குப் பிறகு தகப்பன் பெயர், காற்புள்ளி, தாயின் பெயர், 'தம்பதிகளின் அன்பு மகனும்' என்று இருந்தது. இருவரும் இறந்திருந்தால் 'காலஞ்சென்றவர்களான' என்று பன்மையில் எழுதுவதே முறை. 'காலஞ்சென்ற' என்று மட்டும் இருந்தால் தகப்பன் மட்டும் போய்விட்டார், தாய் இருக்கிறார் என்று ஊரில் விளங்கிக்கொள்வார்கள். எழுதுகிற எல்லாரும் அந்த முறையைக் காப்பதில்லை. இருவருக்கும் சேர்த்து 'காலஞ்சென்ற' என்று போட்டவர்களும் உண்டு. எங்கள் செய்நிரல் அந்தச் சொல் காற்புள்ளியைத் தாண்டியும் செல்லும் என்று எடுத்துக்கொண்டது. தாய் உயிரோடு இருக்கிறார் என்பது அவருடைய உறவினர் ஒருவர் அட்டவணையைப் பார்த்தபோதுதான் தெரியவந்தது. அந்த விதியை எழுதிய பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு செயலைத் திருப்பினால் ஒரே விடைதான் வரும் என்று அவனுக்குப் படிப்பித்தவன் நான்.

இப்போது வாதத்துக்கு வருகிறேன். உயர்தரத்தில் கணிதம் படித்த எவருக்கும் தெரியும், எல்லாச் சார்புக்கும் நேர்மாறு கிடையாது. ஒன்றுக்கொன்றாக இருந்தால்தான் நேர்மாறு உண்டு. பிரதியிடல் அப்படியல்ல. இரண்டு மாறிகளை ஒட்ட வைத்த வார்ப்புருவில் முதலாவதுக்கு 'ஊர்' என்றும் இரண்டாவதுக்கு 'காவல்' என்றும் இட்டால் வருவது 'ஊர்காவல்'. முதலாவதுக்கு 'ஊர்காவல்', இரண்டாவதுக்கு வெறுமை என்று இட்டாலும் வருவது அதே சரம். போகும்போது பல வழிகள் ஒரு வாசலில் வந்து சேர்கின்றன. அந்த வாசலில் நின்று எந்த வழியால் வந்தாய் என்று கேட்டால் ஒரு பதில் போதாது. 1972இல் மார்செய்யில் அலன் கொல்மரோவரும் கூட்டாளிகளும் உருவாக்கிய புரோலொக் மொழி இதை மறைக்காமல் காட்டுகிறது. இரண்டு பட்டியல்களை இணைக்கும் விதியை அதில் மறுதிசையில் ஓட்டினால், பிரிக்கக்கூடிய எல்லா வழியையும் ஒவ்வொன்றாகத் தரும். ஒரு விடையைத் தந்து இதுதான் என்று நிற்காது. நேர்மாறு இல்லாத ஒன்றைத் 'தலைகீழ்' என்று கூப்பிடுவது, விடை ஒன்றுதான் என்று சத்தியம் பண்ணிக் கொடுப்பதற்குச் சமம்.

சி மொழி படித்தவர்கள் இதை வேறு விதமாகப் பட்டிருப்பார்கள். அதில் பிரிண்ட்எஃப், ஸ்கான்எஃப் என்று இரண்டு சார்புகள் சோடியாக நிற்கின்றன. இரண்டிலும் சரத்துக்கு ஒரே குறியீடு. பிரிண்ட்எஃப் அந்தக் குறியீட்டுக்கு இடைவெளியோடு கூடிய முழுப் பெயரையும் அச்சிடும். ஸ்கான்எஃப் அதே குறியீட்டுக்கு முதல் இடைவெளியில் நின்றுவிடும். பெயரின் முதற் சொல் மட்டுமே கைக்கு வரும். கண்ணாடிப் பிம்பம் என்று நினைத்த இரண்டும் ஒரே குறியீட்டுக்கு இரண்டு பொருள் சொல்கின்றன. பைதனுக்கு ரிச்சர்ட் ஜோன்ஸ் எழுதிய 'பார்ஸ்' என்ற நிரலகமும் தன்னை 'ஃபோர்மட்' என்ற செயலின் எதிர் என்றுதான் அறிமுகப்படுத்திக்கொள்கிறது. ஆனால் சரம் வார்ப்புருவோடு பொருந்தாவிட்டால் அது 'நன்' என்று, ஒன்றுமில்லை என்ற விடையைத் தருகிறது. பெயரை இடுகிறவனுக்கு ஒருநாளும் 'ஒன்றுமில்லை' என்று சொல்ல நேராது. எடுக்கிறவனுக்கு அது அன்றாட விடை. ஒரு பக்கத்தில் எப்போதும் ஒரு விடை, மறுபக்கத்தில் ஒன்றுமில்லை, ஒன்று, பல என்று மூன்று நிலை. இதையா தலைகீழ் என்பது?

ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கினால் போதும் என்கிறவர்களுக்கு என் பதில் நேரானது: தமிழாக்குவதற்கு அங்கே பெயர் இல்லை. ஒருவர் எக்ஸ்ட்ராக்ட் என்கிறார், ஒருவர் ஸ்கான், ஒருவர் மட்ச், ஒருவர் கப்சர், ஒருவர் டீஸ்ட்ரக்சர், இன்னொருவர் பார்ஸ். பிரதியிடலைப் பேர்ள் மொழிக்காரர் இன்டர்பொலேஷன் என்று அழைத்ததால், அதற்கு எதிர் எக்ஸ்ட்ரபொலேஷன்தானே என்று கேட்பவர்களும் உண்டு. அந்தச் சோடியைத் தமிழில் வைத்துப் பார்த்தால் பிழை உடனே தெரியும். தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்களில் அவை இடைச்செருகல், புறச்செருகல். தெரிந்த இரண்டு அளவுகளுக்கு நடுவில் உள்ளதைக் கணிப்பது ஒன்று, எல்லைக்கு வெளியே உள்ளதைக் கணிப்பது மற்றது. இரண்டும் தெரியாததை ஊகிக்கும் வேலை. அறிவித்தலுக்குள் ஏற்கெனவே இருக்கிற பெயரை எடுப்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இடைச்செருகல் என்ற சொல்லை இன்னும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாணத்தாருக்கு அந்தச் சொல் கணக்கிலிருந்து வரவில்லை, ஏட்டிலிருந்து வந்தது. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். அவரைப் போன்ற பதிப்பாசிரியர்கள் பல ஏடுகளை ஒப்புநோக்கி, பிற்காலத்தார் நடுவில் செருகியது எது, ஆசிரியர் பாடம் எது என்று பார்த்தார்கள். செருகியதைக் கண்டால் களைவார்கள், மூலத்தை வைத்துக்கொள்வார்கள். எங்கள் வேலையில் நிலைமை மறுபக்கம். செருகியதுதான் எங்களுக்கு வேண்டும். சுற்றியுள்ள வசனத்தை விட்டுவிடுகிறோம். 'அன்பு மகனும்' என்பது எல்லா அறிவித்தலிலும் உண்டு, அதில் எங்களுக்கு ஒரு செய்தியும் இல்லை, பெயரில்தான் செய்தி. இடைச்செருகல் என்ற சொல்லை இரவல் வாங்கி அதன் எதிரைத் தேடுகிறவர் களைதலில் போய் முடிவார். களைந்தால் பெயர் போய்விடும்.

பிரதியிடல் என்ற எங்கள் சொல்லையே திருப்பிப் பார்ப்போம் என்றால், 'இடு' என்பதற்கு எதிர் 'எடு'. பிரதியிடலுக்கு எதிர் பிரதியெடுத்தல். அது ஃபொட்டோக் கொப்பி அடிப்பது. சொல்லைத் தலைகீழாக்கினால் பொருளும் தலைகீழாகும் என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்த ஒரு சொல் போதும்.

ஒரு கேள்வியை நியாயமாகக் கேட்கலாம்: பள்ளிக்கூடத்தில் 'சேர்த்தெழுதுக', 'பிரித்தெழுதுக' என்று சோடியாகக் கேட்கிறார்களே, பிரித்தல் என்று வைத்தால் என்ன? எனக்கும் முதலில் அந்தச் சொல் பிடித்திருந்தது. தமிழ் இலக்கணம் புணர்ச்சியை எவ்வளவு நுணுக்கமாகச் சொல்லியிருக்கிறதோ, பகுபதத்தைப் பிரிப்பதற்கும் அவ்வளவு நுணுக்கமாகத் தனி இலக்கணம் வைத்திருக்கிறது. நன்னூல் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறு உறுப்பைப் பெயர் சொல்லி வைத்தது. சேர்த்தலைத் திருப்பினால் பிரித்தல் தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தால் இந்த ஆறு பெயருக்கும் தேவை இருந்திருக்காது. என் வாதத்துக்கு இதைவிடப் பழைய சாட்சி எனக்குத் தெரியாது. ஆனால் பிரித்தெழுதும்போது எல்லாத் துண்டும் சம மதிப்போடு தாளில் நிற்கின்றன. எது வார்ப்புரு, எது இட்ட பொருள் என்ற வேற்றுமை அங்கே இல்லை. தவிர, சரத்தை இடைவெளியிலும் காற்புள்ளியிலும் வெட்டுகிற சாதாரண வேலைக்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது.

தீவுகளின் பெயர்களை வைத்தே பிரித்துப் பார்க்கலாம். நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு, அனலைதீவு, எழுவைதீவு, மண்டைதீவு. ஒரு மாறி, அதன் பின் 'தீவு' என்ற மாறாத சொல். இதைவிட எளிய வார்ப்புரு இல்லை. நெடுந்தீவிலிருந்து மாறியை எடுத்தால் செய்நிரல் 'நெடுந்' என்று தரும். இட்டது 'நெடு', நகர மெய் சேர்ந்தபோது முளைத்தது. நயினாதீவிலிருந்து 'நயினா' வரும். நயினார் என்பதன் ரகர மெய் தேய்ந்தது என்று ஊரார் சொல்வதை அந்தச் சரத்துக்குள் எங்கே தேடுவது? மண்டைதீவிலும் அனலைதீவிலும் ஒற்று மிகவே இல்லை. ஒரே வார்ப்புரு, மூன்று விதமான மூட்டு. இடுவதற்கு ஒரு விதி போதும் என்று நினைக்கிறவர், எடுப்பதற்கு ஊர் வழக்கையும் கூட வைத்திருக்க வேண்டும்.

கணினிக்கு இன்னும் ஓர் அடி கீழே சிக்கல் உண்டு. 'தீவு' என்பது எங்களுக்கு இரண்டு எழுத்து. யுனிகோட்டில் அது நான்கு குறிகள்: த, ஈகாரக் குறி, வ, உகரக் குறி. இரண்டு எழுத்தாகப் பார்த்தால் இரு கூறாக வெட்ட மூன்று வழி. நான்கு குறியாகப் பார்த்தால் ஐந்து வழி. அதில் இரண்டு வழி எழுத்தின் நடுவால் வெட்டும். ஓப்பன்-தமிழ் என்ற நிரலகத்தில் சரத்தை எழுத்தெழுத்தாகத் தரும் சார்பு ஒன்று இருப்பது இதற்காகத்தான். எங்கள் பிள்ளைகளும் அதைக் கொண்டுதான் இந்த வெட்டிலிருந்து தப்பினார்கள்.

ஊர்காவற்றுறையைப் பற்றிச் சொல்லாமல் இந்த வாதம் நிறைவாகாது. காவல் என்பதும் துறை என்பதும் சேர்ந்தால் 'காவற்றுறை'. லகரம் றகரமாகி, தகரமும் றகரமாகிவிட்டது. 'துறை' என்ற சொல்லைத் தேடும் செய்நிரல் அந்தப் பெயருக்குள் அதைக் காணாது. அங்கே இருப்பது 'றுறை'. துறைமுகமாகவே வாழ்ந்த ஊரின் பெயரில் துறை இல்லை என்று விடை வரும். சரி, புணர்ச்சி விதியைச் சொல்லிக்கொடுத்து 'ஊர், காவல், துறை' என்று எடுத்துவிட்டோம் என்று வையுங்கள். அதுதானா உள்ளே இட்டது? பேச்சில் நாங்கள் சொல்வது ஊராத்துறை. நயினாதீவில் இருக்கும் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டும் அந்த வடிவத்தைத்தான் காட்டுகிறது. கா. இந்திரபாலா 1963இல் அதை ஆராய்ந்து வெளியிட்டார். பரதேசி வணிகர் அந்தத் துறையில் வந்து இறங்க வேண்டும் என்றும், யானையும் குதிரையும் ஏற்றிய மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு என்றும், மற்றச் சரக்குக் கலம் உடைந்தால் பாதி பாதி என்றும் அந்தக் கல் சொல்கிறது. பாளி நூல்களில் வரும் சூகரதித்தம் இந்தத் துறைதான் என்பது ஆய்வாளர் கருத்து; அதற்குப் பொருள் பன்றித்துறை. சிங்களத்தில் ஊரா என்றால் பன்றி. இதே ஊருக்கு வழங்கும் கயிற்ஸ் என்ற பெயர், போர்த்துக்கேயர் படகு கட்டும் மேடைக்குச் சொன்ன 'காயிஷ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஊரின் காவலா, ஊராவா, வேறொன்றா? சரம் ஒன்றுதான். அதற்குள் எது இடப்பட்டது என்பதில் படித்தவர்களே ஒத்துப்போகவில்லை. இங்கே ஒரே விடையை அடித்துச் சொல்கிற எவரும், செய்நிரலாக இருந்தாலும் மனிதராக இருந்தாலும், சரத்தில் இல்லாத ஒன்றைத் தன் பையிலிருந்து எடுத்து வைக்கிறார்.

சரத்துக்குள் ஒன்றுமே மிஞ்சாத இடமும் உண்டு. 1658க்குப் பிறகு ஒல்லாந்தர் தங்கள் நகரப் பெயர்களை இந்தத் தீவுகளுக்கு இட்டார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ட், வேலணைத்தீவு லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், காரைதீவு அம்ஸ்ரடாம். லெய்டன் என்ற சொல்லை எப்படி வெட்டினாலும் வேலணை வராது. அதற்கு எது எதற்குப் பதில் என்ற பட்டியல் கையில் வேண்டும்.

பெயர் எப்படி இருக்க வேண்டும் என்பது இங்கிருந்துதான் எனக்குத் தெளிவானது. 'இடு' என்ற வினை முதல் நீண்டால் 'ஈடு'. சுடு சூடாவது போல, கெடு கேடாவது போல. பதிலீட்டில் இருப்பது அந்த ஈடு. பிரதியிடலில் இருப்பதும் அதே வேர். யாழ்ப்பாணத்தில் ஈடு என்றால் என்னவென்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நகையை ஈடு வைப்பார்கள், காணியை ஈடு வைப்பார்கள். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுத்த தேசவழமையில் ஒற்றிக்கும் ஈட்டுக்கும் இடம் உண்டு. ஈடு வைத்ததைத் திருப்பி எடுப்பதற்கு எங்கள் சனம் 'தலைகீழ் ஈடு' என்று சொல்லவில்லை. மீட்டல் என்று சொன்னது. வைப்பது வேறு வேலை, மீட்பது வேறு வேலை என்று தெரிந்து வைத்த பெயர்.

நான் முன்வைக்கும் பெயர் ஈடுமீட்பு. வினையாகச் சொன்னால் ஈடுமீள். இது அழகுக்காகச் சொன்ன உவமை என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. மீட்பின் நிபந்தனைகள் எல்லாம் இந்தச் செயலுக்கு அப்படியே பொருந்துகின்றன. அடகுத் துண்டு இல்லாமல் மீட்க முடியாது. வார்ப்புரு இல்லாமல் பெயரை எடுக்க முடியாது. துண்டு ஒரு நகைக்கும் வந்திருக்கும் பெட்டி வேறொன்றுக்கும் என்றால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். 'நன்' என்ற விடை அதுதான். வைத்த அதே நகைதான் வர வேண்டும், அதே எடையில் வேறொன்று வந்தால் ஏற்க மாட்டோம். இட்டு மீட்டால் இட்டதே வர வேண்டும் என்பது செய்நிரலைச் சோதிக்கும் முதல் விதி. இரண்டு பேர் ஒரே மாதிரிச் சங்கிலியை வைத்திருந்தால் எது எவருடையது என்று கேட்டுத்தான் தீர்க்க வேண்டும். இந்த நாலும் 'தலைகீழ்' என்ற சொல்லுக்குள் இல்லை.

மீட்டெடுத்தல் என்ற சொல் அழிந்த கோப்பைத் திரும்பப் பெறுவதற்கு ஏற்கெனவே புழங்குகிறதே என்று ஒரு தடை சொல்வார்கள். உண்மை. ஆகவேதான் மீட்பு என்று தனியே விடாமல் ஈட்டையும் சேர்த்தேன். கோப்பை மீட்கும்போது நாம் எதையும் ஈடு வைத்திருக்கவில்லை. ஊர்ச் சொல்லைத் தொழில்நுட்பத்தில் புகுத்தலாமா என்றும் கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி எழுவதே எனக்கு வியப்பு. 1847இல் இங்கே வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்து மருத்துவர்களை உருவாக்கினார். வழக்கிலுள்ள தமிழ்ச் சொல்லை முதலில் தேடுவது, இல்லாவிட்டால் வடமொழி, அதற்கும் பிறகே ஆங்கில ஒலி என்பது அவர் கைக்கொண்ட ஒழுங்கு. எங்கள் காலத்தில் முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல்மொழியில், சார்பு விடையைத் தரும் கட்டளைக்குப் 'பின்கொடு' என்று பெயர். ஆங்கிலச் சொல்லைத் தடவிப் பார்த்து வந்த பெயராக அது எனக்குத் தோன்றவில்லை. செயலைப் பார்த்து வைத்த பெயர்.

பெரிய மொழிகளில் நிலைக்காத ஒரு பெயரை நாங்கள் முந்தி வைக்கலாமா என்று தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். மூட்டில் உருமாறாத மொழியில் வேலை செய்பவர்களுக்கு இந்தச் செயலின் கடினம் பாதிதான் தெரியும். பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டாமல், ஒற்று மிகாமல், இட்டது இட்டபடியே நிற்கும் வசனத்தில் திருப்பி எடுப்பது கண்ணாடி பார்ப்பது போலத் தோன்றினால் அது அவர்கள் குற்றமில்லை. நெடுந்தீவை நெடுந்தீவைப் ஆக்குகிற மொழிக்காரருக்கு அந்த மயக்கம் வரவே நியாயமில்லை. முந்திப் பெயர் வைக்கும் உரிமை இதிலாவது எங்களுக்கு உண்டு.

பிள்ளைகள் சார்பின் பெயரை மாற்றினார்கள். பெயரோடு அது தரும் விடையும் மாறியது. முன்பு ஒரு வரியைத் தந்த சார்பு இப்போது ஒரு பட்டியலைத் தருகிறது. பட்டியல் வெறுமையாகவும் இருக்கலாம், இரண்டு மூன்று வாசிப்புகளோடும் இருக்கலாம். ஒன்றுக்கு மேல் வந்தால் அட்டவணையில் அந்தக் கட்டம் நிரப்பப்படாமல், எந்த உறவினரிடம் கேட்க வேண்டும் என்ற குறிப்போடு நிற்கும். அந்தத் தாயின் கட்டத்தில் இருந்த 'காலஞ்சென்ற' என்ற சொல்லை எடுத்துவிட்டோம். அதே வசன அமைப்போடு இன்னும் சில அறிவித்தல்கள் எங்களிடம் கிடக்கின்றன. அவற்றில் வரும் தாய்மார் இருக்கிறார்களா இல்லையா என்று கேட்டு ரொறன்ரோவுக்கும் பரிஸுக்கும் எழுதியிருக்கிறோம். சிலருடைய பதில் வந்திருக்கிறது, சிலருடையது வரவில்லை.